நிலம் அண்ணனுக்கு, மரம் தங்கைக்கு

எங்கள் மலையில் நிலம் ஒருவருக்கும், அதில் நிற்கிற புளியமரம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கும். பாகம் பிரிக்கையில் அண்ணன் நிலத்தை எடுத்துக்கொள்வான். கட்டிக்கொடுத்த தங்கைக்கு மரம். நாலு பேர் முன்னால் வாயால் சொன்னால் போதும். பட்டாவில் மரத்தைப் பற்றி ஒரு வரியும் இராது. அது ஒரு குறையென்று யாருக்கும் தோன்றியதில்லை.

நான் வார்டு மெம்பரான பிறகு தோன்றியது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர், செத்துப்போன அப்பாவின் நிலத்தில் வீடு கட்ட ஊராட்சியில் அனுமதி கேட்டார். ரோட்டோரம் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்பது விதி. அப்படி விட்டால், வரைபடத்தில் சமையலறை வரும் இடத்தில் அவருடைய அத்தையின் மரம் நிற்கிறது. அத்தை இப்போது ஒண்டிக்கட்டை. அந்தப் புளிதான் அவருக்கு வருஷச் சாப்பாடு.

ஊராட்சிச் செயலர் நல்ல மனிதர். இடத்தைப் பார்க்க வந்தவர், சுற்றி வளைக்காமல் அத்தையிடம் சொன்னார்: "நிலம் யாரு பேர்ல கீதோ, மரமும் அவங்களுதுதாம்மா. சட்டம் அப்படித்தான்."

அத்தை மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "எங்கண்ணன் குடுக்கும்போது உங்க சட்டம் எங்க சார் போயிருந்துச்சி?"

மருமகன் தலை நிமிரவில்லை. "வருசா வருசம் நானே மூட்டை கட்டி புளி குடுக்குறேன் அத்த. உனுக்கு இன்னா குறை வைக்கப்போறேன்?"

"இன்னிக்கு என் மரத்துல நான் உலுக்குறேன். நாளைக்கு நீ குடுப்ப, நான் கைநீட்டி வாங்குவேன். ரெண்டும் ஒண்ணாடா?"

வாயை வைத்தே ஓட்டு வாங்கினவன் நான், குனிந்து செருப்பைத் தேடினேன்.

ஒரு வாரம் கழித்து மருமகன் மேஸ்திரியைக் கூட்டிவந்து, ஒரு அறையைக் குறைத்து வேறு வரைபடம் போட்டார். மரம் பின்பக்கம் தப்பித்தது. அனுமதியும் வந்தது.

வீடு எழும்பி, சுற்றுச்சுவர் மரத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டபோது அத்தை மறுபடி வந்தார். "என் மரத்துக்குப் போக உன் வூட்டு வாசல்ல நின்னு கூப்புடணுமா?"

பின்சுவரில் ஒரு ஆள் போகிற அளவு இடைவெளி விட்டார்கள். அதன் வழியாக ஆடு நுழைந்து செடியெல்லாம் மேய்ந்தது. மருமகனின் மனைவி என்னைக் கூட வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அத்த, அங்க சின்னதா ஒரு கேட்டு போட்டுக்கட்டுங்களா? பூட்டெல்லாம் வேணாங்க."

அத்தை போய் அந்த இடைவெளியில் நின்று பார்த்தார்.

"போட்டுக்க. தாப்பாள மட்டும் வெளிப்பக்கம் வை."

"திருடன் வந்தா இன்னா அத்த பண்றது?" என்றார் மருமகன்.

"திருடனுக்கு பயந்து என்னை வெளிய நிக்க வைக்காத."

வெல்டிங் கடைக்காரர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். மருமகன் இரண்டு முறையும் "வெளிப்பக்கம்தான்" என்றார். மாசியில் அத்தை கூடையோடு வந்தார், தாழ்ப்பாளைத் தானே நீக்கினார், யாரையும் கூப்பிடாமல் உள்ளே போனார்.