ஒரு கிளிக் கூடுதல்

அம்மாவால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. நாற்பத்தெட்டு வயது வரை ஓர் அலுவலகக் கவுன்ட்டரில் நின்று ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள். பிறகு இணையவழிப் பயிற்சிச் செயலி ஒன்றுக்குத் திரைகள் வடிவமைத்தாள். பாடத்தைத் திறப்பது முதல் தேர்வை முடிப்பது வரை எதற்குப் பின் எது வரவேண்டும் என்பது அவள் முடிவு. அவள் வரைந்ததை நிரலாக எழுதுவது என் வேலை.

புதியவர்கள் செயலியைத் திறந்தால் பின்னால் நின்று அவர்கள் கட்டைவிரலையே பார்ப்பாள். ஒவ்வொரு கிளிக்குக்கும் தன் விரல் கணுவில் ஒன்று எண்ணுவாள். நான்கைத் தாண்டினால் வரைந்ததைக் கிழித்துவிடுவாள்.

"யார் படிக்கிறீர்கள்?" என்று கேட்ட முதல் திரை அப்படித்தான் போனது. "வாசல்லயே நிக்க வச்சுப் பேரு கேட்டா எவன் உள்ள வருவான்?" என்றாள். நான்தான் அதை நீக்கினேன். அதன்பின் திறந்தவுடன் கடைசியாக விட்ட இடம் வந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு கிடங்குத் தொழிலாளி போன் செய்தாள். கணவன் மனைவிக்கு ஒரே போன், ஒரே பாதுகாப்புப் பயிற்சி. அவள் இறுதித் தேர்வின் முதல் பக்கத்தைப் பார்த்து மூடிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். செயலியைத் திறந்த கணவன், தன்னுடைய பயிற்சி வினாக்கள் என்று நினைத்து, விடை தெரிந்துகொள்ளக் கண்டபடி அழுத்தி முடித்தும் விட்டான். நாற்பதுக்கு ஏழு. தேர்வு ஒரே முறைதான். தேறாவிட்டால் அடுத்த மாதக் கடைசியோடு அவளுக்கு வேலை இல்லை.

"எனக்குப் பதிலா என் வீட்டுக்காரரு எழுதி ஃபெயிலாயிட்டாரு மேடம். அவருக்கு அது பழக்கம்தான். என்னையும் சேத்துக்கிட்டது இப்பதான்."

அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நின்றபடியேதான் சாப்பிட்டாள்.

பதிவுகளைத் தோண்டச் சொன்னாள். பாடங்களில் அந்தப் பெண் ஒரு கேள்விக்கு நாற்பது விநாடி எடுப்பவள். இந்தத் தேர்வில் கேள்விக்கு மூன்று விநாடி. அதை இணைத்து, தேர்வை நடத்தும் வாரியத்துக்கு மறுதேர்வு கேட்டு எழுதினாள்: "தவறு மாணவியுடையதல்ல, திரையை வடிவமைத்த என்னுடையது." கம்பெனி பெயர் கெடும், அனுப்ப வேண்டாம் என்றார் மேலாளர். அனுப்பிவிட்டுத்தான் அவரிடமே காட்டியிருக்கிறாள். பிறகு, முன்பு நீக்கிய அந்த முதல் திரையை மறுபடி வரைந்து என் மேசையில் வைத்தாள்.

"ஒரு கிளிக் கூடும். கூடட்டும்."

அந்த வியாழக்கிழமை, அலுவலக மாடிப்படியில், மாரடைப்பு. ஐம்பத்தேழு வயது.

எட்டாம் நாள் வாரியத்தின் பதில் வந்தது. மறுதேர்வு உண்டு, மூன்று நாளுக்குள். அந்தத் திரையை எழுத உட்கார்ந்தேன். ஒரு மணி நேர வேலை அன்று முழுக்க இழுத்தது. அந்தப் பெண்ணுக்குத் தகவல் சொன்னபோது மேடம் எங்கே என்று கேட்டாள். வெளியே போயிருக்கிறார் என்றேன். தேர்வுக்கு முன் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் தன் பெயரை அழுத்தினாள். பதிவு என் திரையில் ஓடியது. முப்பத்தெட்டு விநாடி. நாற்பத்திரண்டு. பத்தொன்பதாம் கேள்வியில் இரண்டு நிமிடம் எதுவும் வரவில்லை. எழுந்தேன். ஜன்னல் வரை போனேன், வந்தேன், மறுபடி போனேன். இருபதாம் கேள்வி.

நாற்பதுக்கு முப்பத்தைந்து.

உடனே போன் அடித்தது. "மேடம்கிட்ட குடுங்க, நானே சொல்லணும்," என்றாள்.

"அவங்க எங்க அம்மா," என்றேன். "தவறிப் பத்து நாளாச்சு."