எய்விந்துருக்கு நாலு வரி

ஐஸ்லாந்தின் வடகரையில், மெல்விக் என்கிற மீன்பிடி ஊரில், ஒருவரை அவமானப்படுத்தத் திட்ட வேண்டியதில்லை. தோரி என்கிற குளிர்கால விருந்தில் அவர் பெயரைச் சொல்லாமல் விட்டால் போதும்.

ஜனவரிக் கடைசியில், தீயில் வாட்டிய ஆட்டுத்தலையும் புளிக்கவைத்த சுறாவும் மரத்தட்டில் சுமந்துகொண்டு ஊரே மண்டபத்தில் கூடும். அந்த வருடம் வண்டியைப் பனிப்பள்ளத்தில் இறக்கியவர், ஆடு என்று நினைத்துப் பக்கத்து வீட்டு நாயைப் பட்டியில் அடைத்தவர், எல்லாரும் பாட்டாகி மேடையேறுவார்கள். பெயர் வந்தவர் எழுந்து கோப்பையை உயர்த்த வேண்டும். பெயர் வராதவர் அந்த வருடம் ஊரில் இல்லாதவர்.

பத்தொன்பது வருடமாக அந்தப் பாட்டுகளை எழுதியவள் ரன்வெய்க். மீன் பதனிடும் கூடத்தில் காட் மீனைத் தோலுரித்துத் துண்டு போடுவது அவள் வேலை. கத்தி கையில் இருந்தால்தான் அவளுக்கு வரி ஓடும். வந்ததும் கையுறையைக் கழற்றி, மீன் பெட்டியில் ஒட்டும் சீட்டின் பின்பக்கம் கிறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். மோனை தப்பினால் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திருத்துகிற ஊர் அது. அவளுக்குத் தப்பியதில்லை. ஊரில் நூற்று நாற்பத்து மூன்று பேர், ஒரு வருடமும் ஒரு பெயரும் விடுபட்டதில்லை. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இதைவிடப் பெரிய பட்டம் எது? அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. இருக்க வேண்டியதும்தான்.

2008 அக்டோபரில் வங்கிகள் விழுந்தன. உள்ளூர்க் கிளையின் மேலாளர் எய்விந்துர் பேச்சைக் கேட்டுச் சேமிப்பையெல்லாம் ஒரே நிதியில் போட்ட ஊர், அதைத் திரும்பப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. அவன் அம்மாவின் பணமும் அதிலேயே போனது. அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

அதற்குப் பிறகு ரன்வெய்க்குக்கு ஒரு வரிகூட வரவில்லை. சீட்டைக் கையில் எடுத்தாலே விரல் மரத்துப்போனது. குளிர்தான் காரணம் என்று மேஸ்திரியிடம் சொன்னாள். முப்பது வருடமாக அதே குளிரில் நிற்கிறவள் சொல்கிற காரணமா அது? உண்மையான காரணம் போன விருந்துக்கு அவள் எழுதிய பாட்டு:

வலையில்லை, படகில்லை, வங்கியிலே உட்கார்ந்தே
வருடமெல்லாம் மீன்பிடிக்கும் வல்லவன் எய்விந்துர்.
கையெழுத்துப் போட்டவர்க்குக் கடலே வேண்டாம்,
காசங்கே தானாகக் கரையேறி வரும்.

கிண்டலாகத்தான் எழுதினாள். ஆனால் ஊர் அதை முணுமுணுத்துக்கொண்டே போய்க் கையெழுத்துப் போட்டது. நல்ல பாட்டு என்பதுதான் அதன் குற்றம்.

தலைநகரில் நாடாளுமன்றத்தின் முன்னால் சட்டிபானையைத் தட்டித் தட்டி, விருந்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அரசாங்கத்தையே இறக்கிவிட்டார்கள். மெல்விக்கில் ஒரு கரண்டிகூடச் சத்தம் போடவில்லை. இங்கே வேறு முறை. ஊர் விவகாரமெல்லாம் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துதான் பேசித் தீரும். எய்விந்துர் இறங்கினால் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எழுந்துபோனவர்களில் ரன்வெய்க்கும் உண்டு.

அரசாங்கம் விழுந்த அன்று மாலை விருந்துக் கமிட்டி கூடியது. அந்த வருடத் தலைவி ஸ்வாவா. படகை விற்ற பணம் மொத்தத்தையும் அந்த நிதியில் போட்டுத் தொலைத்தவள்.

"எய்விந்துர் பேரு வேணாம்," என்றாள் ஸ்வாவா. "டிக்கெட் வாங்கிட்டானாம். வரட்டும், தின்னட்டும், போகட்டும்."

"யாரையும் விட்டதில்லையே, ஸ்வாவா," என்றாள் ரன்வெய்க்.

"இந்த வருஷம் விடு. உனக்குத்தான் எழுத வரலேன்னு கூடமே சொல்லுது. ஒருத்தன் குறைஞ்சா உனக்கும் லேசுதானே?"

"திட்டியாவது எழுதுறேன். விடச் சொல்லாத."

"எல்லாரையும் எழுதினேன், எல்லாரையும் எழுதினேன்னு பீத்திக்கிறியே, என்னைக்காவது உன்னைய எழுதியிருக்கியாடி?"

ரன்வெய்க் பழைய பாட்டுகளை மனதுக்குள் புரட்டினாள். எழுதியதில்லை. பத்தொன்பது வருடமும் மேடையில் நின்றவளுக்கு, தான் அந்த நூற்று நாற்பத்து மூன்றில் ஒருத்தி என்பது தோன்றவேயில்லை. அவமானமாக இருந்தது.

மறுநாள் மூன்றாவது பெட்டி மீனில் கத்தி வைத்தபோது வரி வந்தது. பயம் போய்விடவில்லை. விரல் மரத்துத்தான் இருந்தது, ஆனாலும் எழுதியது. பயம் போன பிறகு எழுதலாம் என்று மூன்று மாதம் காத்திருந்த தன்னை அவளே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி மேசையின் ஓரத்தில் எய்விந்துர் தன் தட்டத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலிகளை யாரோ இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ரன்வெய்க் பாடப் பாட ஒவ்வொருவராக எழுந்து கோப்பையை உயர்த்தினார்கள். நூற்று நாற்பத்தொரு பேர் முடிந்ததும் அவள் போன வருடப் பாட்டை முழுசாகப் படித்தாள். மெல்லுகிற சத்தமும் நின்றது.

"இதை எழுதின முட்டாள் எழுந்து நிக்கட்டும்," என்று சொல்லி, நின்றபடியே தன் கோப்பையைத் தானே உயர்த்திக் குடித்தாள். யாரும் சிரிக்கவில்லை. கடைசிச் சீட்டை எடுத்தாள்.

"இதை வேணாம்னாங்க. நான் படிப்பேன்," என்றாள்.

ஊரே எழுந்துபோன வெந்நீர்த் தொட்டியிலே
ஒருவனாய்க் கால்நீட்டி உட்கார்ந்தான் எய்விந்துர்.
முழுப்பங்கு வேறெவர்க்கும் கிட்டாத மெல்விக்கில்
முழுத்தொட்டி அவனுக்கு, நமக்கோ குளிர்காற்று.

எய்விந்துர் எழுந்தான். கோப்பையை உயர்த்தினான்.

"தண்ணி அவ்வளவு ஒண்ணும் சூடா இல்ல," என்றான்.

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு ஒரு மேசை. ஸ்வாவா சிரிக்கவில்லை. தட்டத்தைத் தூக்கிக்கொண்டு கடைசி மேசைக்கு நடந்தாள். மண்டபம் அவளையே பார்த்தது.

"என் படகு போனது போனதுதான்," என்றாள் அவனிடம். "அதை நான் மறக்கமாட்டேன். நாளைக்குப் பத்து மணிக்குக் குளத்துக்கு வர்றேன். காலை மடக்கி உக்காரு, எனக்கும் இடம் வேணும்."

பிறகு தட்டத்தை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, உட்கார நாற்காலி தேடினாள்.

மேடையில் ரன்வெய்க் சீட்டுகளை அடுக்கினாள். நூற்று நாற்பத்து மூன்றும் இருந்தன. இந்த முறைதான் கணக்கு சரி.