அடுத்த வீட்டு ஹீட்டர்

பெரியகுளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை நினைத்தால், எனக்கு முதலில் கண்முன் வருவது அடுத்த வீட்டுக் குளியலறைச் சுவரில் இருந்த இரண்டு திருகாணிகள்தான். ஹீட்டரைக் கழற்றி விற்ற பிறகு அவை மட்டும் சுவரில் துருத்திக்கொண்டு நின்றன. ஒன்றில் மதினி உடம்பு தேய்க்கும் பீர்க்கங்கூட்டை மாட்டியிருந்தார். இன்னொன்று சும்மா கிடந்தது. ஒரு நாள் வாளி இரவல் வாங்கப் போனபோது அதைப் பார்த்தேன். மனுசர் இவ்வளவு சிக்கனமாகவா இருப்பார்கள் என்று மனதுக்குள் நையாண்டியும் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மதினி என்றால் சொந்த மதினி இல்லை. அவர் கணவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர், குமுளி வண்டிக்குப் போகிறவர். அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டதால் இவர் மதினி ஆனார். கீழே உர மூட்டைக் கிடங்கு, மாடியில் புதிதாகக் கட்டிய இரண்டு வீடுகள். மேற்கில் நாங்கள், கிழக்கில் அவர்கள். இரண்டு குளியலறைக்கும் நடுவே ஒரே சுவர். வீட்டுக்காரர் மாந்தோப்பு வைத்திருந்தவர். அட்வான்ஸ், தண்ணீர், சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது வரை அரை மணி நேரம் பேசிய அவர், கரண்டுக்கு மட்டும் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். "மேக்க வீட்டுக்கு இந்த நம்பரு, நீங்களே கட்டிக்கிருங்க" என்றார். அந்த நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டோம். கத்தரிக்காய் வாங்கினால்கூடத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நான், மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டரை ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை.

கைப்பிள்ளை இருந்த வீடு எங்களுடையது. காலையில் பிள்ளைக்கு வெந்நீர், பிறகு எனக்கு, பிறகு தாலுகா ஆபீஸுக்குக் கிளம்பும் என் கணவருக்கு. அவர் ஹீட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோகிற ரகம். அப்படியிருந்தும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் எங்களுக்குக் குறைவாகவே வந்தது. முதல் நூறு யூனிட் இலவசம், அதைக் கொஞ்சம்தான் தாண்டியிருப்போம். எல்லாம் நான் மாற்றிய எல்.இ.டி. பல்புகளின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மதினியிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அவர்களுக்கோ பில் ஐநூறு யூனிட்டைத் தாண்டி வந்தது. ஐநூறைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவதோடு போகாது, மொத்தக் கணக்கும் வேறு விலைக்கு மாறிவிடும். அண்ணன் நல்ல மனிதர்தான், ஆனால் எண்ணிக்கையைக் கடவுளாகக் கும்பிடுகிறவர். பையில் காசு குறைந்தால் தவறு தன்னுடையதுதான் என்று கைக்காசைப் போட்டுக் கட்டிப் பழகியவர். மீட்டர் தப்பாகச் சொல்லும் என்று அவர் கனவிலும் நினைக்கமாட்டார். அப்படியானால் வீட்டில் இருக்கிற ஆள்தான் தப்பு. டிவிக்கு நேரம் வைத்தார், பிரிட்ஜை நிறுத்தினார், கடைசியில் ஹீட்டரைக் கழற்றி விற்றார். மதினிக்கு விரல் மூட்டுகள் வீங்கி வலிக்கும். வெந்நீரில்தான் புழங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கையோடு அவர் மலையடிவாரத்துக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்தார், பாத்திரம் கழுவினார். கேஸையும் மிச்சம் பிடிக்கச் சொல்லிவிட்டார் அண்ணன்.

அப்படியும் அடுத்த பில் குறையவில்லை. "நான் டூட்டிக்குப் போனதும் என்னத்தப் போடுற, சொல்லிரு" என்று அவர் கேட்டது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. மதினி சொன்ன பதில் கேட்கவில்லை. மறுநாள் நான் போய், சும்மா இருக்கிற பிளக்கையெல்லாம் பிடுங்கி வையுங்கள் என்று அவருக்குப் புத்தி சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது பில் வந்த வாரத்தில், மதினி ஒரு பையோடு மாடிப்படி இறங்கினார். கெங்குவார்பட்டியில் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். "தெரியலத்தா. திருட்டுப் பட்டத்தோட இங்கன இருக்க முடியல" என்று சொல்லிவிட்டு, என் பிள்ளையின் கன்னத்தை அந்த வீங்கின விரலால் தொட்டுவிட்டுப் போனார். அண்ணனும் வீட்டைப் பூட்டிவிட்டு டெப்போவிலேயே தங்கிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்துப் பால் வாங்க இறங்கியபோது கிடங்கு ஆட்கள் மீட்டர்ப் பெட்டிக் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். இரண்டு மீட்டரிலும் ஒரு பொட்டு சிவப்பு விளக்கு. கரண்ட் இழுக்கிற வேகத்துக்குத் தக்கபடி அது மினுக்கும். எங்கள் நம்பர் போட்டதில் விளக்கு அசையாமல் தூங்கியது. பூட்டிக்கிடந்த வீட்டின் நம்பரில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மேலே எங்கள் வீட்டில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். படபடப்பு அடங்கியிருந்தது. பால் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான், ஆனால் சொல்லவில்லை. இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். காசு ஒரு காரணம், வெட்கம் அதைவிடப் பெரிய காரணம். மாதக்கணக்கில் அந்த அம்மாவின் வெந்நீரில் நாங்கள் குளித்திருக்கிறோம், போதாததற்குப் புத்தி வேறு சொல்லியிருக்கிறேன். மூன்றாம் நாள் பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீரைத் தொட்டபோது கன்னத்தைத் தொட்ட அந்த விரல் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், குமுளி வண்டி வந்து நிற்கும்வரை காத்திருந்து அண்ணனிடம் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. டூட்டி முடிந்து நேரே வந்தார். கீழே மீட்டர் முன்னால் அவர், மேலே ஹீட்டர் ஸ்விட்ச் பக்கத்தில் நான். கூப்பிட்டால் காதில் விழாது என்று பையிலிருந்து விசிலை எடுத்தார். ரெண்டு விசில் அடித்தால் போட வேண்டும், ஒரு விசில் அடித்தால் அணைக்க வேண்டும். பஸ்ஸுக்கு அடிக்கிற அதே கணக்கு. ரெண்டு, ஒன்று, ரெண்டு, ஒன்று என்று நாலைந்து தடவை அடித்தார். ஒவ்வொரு தடவையும் விசில் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தபோது விசிலை வாயில் வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. இந்த ஊரில் மேக்க, கெழக்க என்றுதான் எதையும் சொல்வார்கள். வயரிங் செய்த வெளியூர்க்காரரோ பெட்டியில் இடது, வலது என்று குறித்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் மாடியில் தெருவைப் பார்த்து நின்று குறித்ததை, வீட்டுக்காரர் தெருவில் வீட்டைப் பார்த்து நின்று படித்திருக்கிறார். இரண்டு வீட்டு மீட்டரும் இடம் மாறிப்போயின. வித்தியாசப் பணத்தை நாங்கள் கொடுத்தோம். அண்ணன் அந்தப் பணத்தில் புது ஹீட்டர் வாங்கி அதே திருகாணிகளில் மாட்டிவிட்டு, கெங்குவார்பட்டிக்கு டிக்கெட் எடுத்துப் போனார்.

மதினி வந்தார். நான் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். என்னைத் தட்டிக்கொடுத்தார், கோபமில்லை என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மீட்டரு மாறிப் போச்சு, சரித்தா. மாத்திட்டாக. இருவத்தேழு வருசமா கூட இருந்தவள நம்பாம, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற நம்பர நம்புனாகளே, அத எந்த எலக்ட்ரீசியன் வந்து மாத்துவாரு?" புது ஹீட்டரை அவர் தொடவே இல்லை. பச்சைத் தண்ணீரிலேயே குளித்தார். அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. பஸ்ஸில் ஆயிரம் பேரிடம் பேசுகிற மனிதர், வீட்டில் வாய் அடைத்துப்போய்த் திரிந்தார்.

மார்கழியில் ஒரு விடியற்காலை, பிள்ளைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்விட்ச் போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, வாளியில் தண்ணீர் விழும் சத்தம். அதற்குப் பிறகு இரண்டு விசில், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் அவ்வளவு சன்னமாக. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் இரண்டு விசில். கதவு திறந்தது, வளையல் சத்தம் கேட்டது, செம்பால் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

இப்போது நாங்கள் தேனியில் வாடகைக்கு இருக்கிறோம். எந்த வீடு பார்க்கப் போனாலும் அட்வான்ஸ் பேசுவதற்கு முன் ஹீட்டரைப் போட்டுவிட்டு இறங்கிப்போய், எந்த மீட்டர் அடிக்கிறது என்று பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். போன மாதம் பெரியகுளம் போனபோது மதினியைப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். கை கழுவப் போன இடத்தில் ஹீட்டர் இருந்தது. அதைத் தாங்கிய திருகாணி ஒன்றில், முன்பு பீர்க்கங்கூடு தொங்கிய இடத்தில், ஒரு விசில் கயிற்றோடு தொங்கியது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு மதினி சிரித்தார். "பஸ்ஸ விட்டாக, அத விடல. வெந்நி காஞ்சிருச்சுன்னு வாயில சொன்னா என்னான்னு கேட்டுப் பாத்துட்டேன். ரெண்டு விசிலுதேன்" என்றார்.