கே.ஜி.கண்டிகைக்குப் பூசணம் பார்க்கப் போனேன்

சென்ட்ரலில் திருத்தணி வண்டி காலை ஆறரைக்குப் புறப்பட்டது. டிக்கெட் இருபது ரூபாய். எண்பது கிலோமீட்டருக்கு மேல் இருபது ரூபாயில் போகலாம் என்றால் எங்கள் கம்பம் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். அங்கே ஷேர் ஆட்டோக்காரர் அந்தக் காசுக்குப் பக்கத்து ஊரிலேயே இறக்கிவிட்டுவிடுவார். முந்தின நாள் சென்னையில் ஒரு கல்யாணம். அதை முடித்துக்கொண்டு ஊர் திரும்பாமல் வடக்கே ஏன் போகிறாய் என்று போனில் கேட்ட மனைவியிடம், "பூசணம் பார்க்கப் போறேன்" என்றேன். "அதுக்கு ஏன் அம்புட்டுத் தூரம்? வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்க" என்றாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நான் பார்க்கப் போனது பூச்சியைக் கொல்கிற பூசணம். அதைத் தண்ணீரில் கரைத்துச் செடிமேல் அடித்தால், பூச்சியின் தோலில் முளைவிட்டு, உள்ளே இறங்கி, அதைத் தின்றே வளரும். செடியை ஒன்றும் செய்யாது. எனக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. என் மைத்துனன் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறான். இந்த இரண்டுக்கும் நடுவில் பல வருஷமாக மருந்து நாற்றத்தை மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் கே.ஜி.கண்டிகை தேவகி என்பவர், பூசணத்தை வீட்டுக் கொட்டகையிலேயே வளர்ப்பதாகப் படம் போட்டிருந்தார். நேரில் வரலாமா என்று கேட்டேன். "புதன்கிழமை வாங்க, அன்னிக்குத்தான் எங்க பாவா கொல்லையில தீர்ப்பு" என்று பதில் வந்தது. அந்தப் பக்கத்தில் கொல்லை என்றால் வயல்.

எட்டேகாலுக்குத் திருத்தணி. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் மலை கண்ணில் பட்டது. மொட்டை போட்டு சந்தனம் பூசிய தலைகள் ரோடு முழுக்க. முருகனுக்கு இங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டேன். சட்னியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சாம்பாரைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. பிறகு சோளிங்கர் பஸ்ஸைப் பிடித்தேன்.

பக்கத்து சீட்டில் அம்மையார்குப்பத்துக்காரர் ஒருவர், மடியில் நூல் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறாராம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன்.

"பூசணமா? மழைக் காலத்துல எங்க வூட்டுக்கு வாங்க, தறிப் பாவு நூல் மேலயே பூத்துகினு கெடக்கும்" என்றார். "அத்த தொடைக்கறதுக்கே ஒரு ஆள் போட்டுக்கிறேன். நீங்க பஸ் ஏறி பாக்க வந்துக்கிறீங்க."

"அது வேற பூசணம், இது வேறங்க."

"ஆங், எல்லாருக்கும் அவங்க வூட்டுது வேறதான்" என்று சொல்லிவிட்டு, நான் இறங்கவேண்டிய இடம் வந்ததும் கண்டக்டருக்கு முன்பாகவே என்னை எழுப்பிவிட்டார். எனக்குத் தூக்கம் வந்ததே தெரியவில்லை.

ஒன்பதரை. ரோட்டோர டீக்கடையில் ஸ்கூட்டியோடு காத்திருந்தார் தேவகி. நாற்பது வயதுக்கு முன்னே பின்னே இருக்கும். பேச்சும் வண்டியும் ஒரே வேகம். போகிற வழியிலேயே, பின்னால் பயந்து உட்கார்ந்திருந்த எனக்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டார். பாவா என்றது அவருடைய அக்கா கஸ்தூரியின் கணவர் முனிரத்தினத்தை. போன கோடையில் கத்தரிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தபோதே வரப்பில் மயங்கி விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத்தான் மீட்டிருக்கிறார்கள். வீடு வந்த மறுவாரமே மறுபடி டேங்கை முதுகில் மாட்டியிருக்கிறார். கஸ்தூரி அன்றைக்குப் போட்ட சத்தத்தில் ஒரு சமரசம் பிறந்தது. இந்தப் போகம் அரை ஏக்கர் கத்தரியைத் தேவகியின் பூசணத்துக்கு விடுவது, இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளி வண்டு செத்தால் இனி அந்தக் கொல்லைக்குள் விஷம் நுழையாது, சாகவில்லை என்றால் அவர் வழக்கம்போல மருந்து அடிப்பார், அக்கா தங்கை இருவரும் வாயே திறக்கக் கூடாது.

"எங்க அக்கா அவருக்கு மாங்கல்யப் பிச்சை கேட்டு மலை ஏறுனா சார். நான் ஏறல. நான் அரிசி வேக வச்சேன்" என்றார் தேவகி.

கொட்டகையில் அதையும் பார்த்தேன். அரைவேக்காடாக வெந்த அரிசியைக் கண்ணாடி பாட்டில்களில் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து, பெரிய குக்கரில் மறுபடி ஆவி ஏற்றுகிறார்கள். ஆறிய பிறகு தாய்ப் பூசணத்தை ஒரு துளி விடுவது. வேறு கிருமி நுழைந்துவிடாமல் இருக்க, அந்த நேரத்தில் யாரும் பேசுவதுகூடக் கிடையாதாம். தேவகி பேசாமல் இருப்பதற்கு அது ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும். சில நாளில் அரிசி முழுக்க மாவு தூவினாற்போல் வெள்ளையாக மூடிக்கொள்கிறது. வரிசையாக அடுக்கியிருந்த பாட்டில்களைப் பார்த்து, நம் வீட்டில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் எத்தனை பேர் முகம் சுளிப்போம் என்று நினைத்துக்கொண்டேன். மூலையில் ஒரு கைத்தெளிப்பான் டேங்க், கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. வேறு எந்த மருந்தும் அதில் ஊற்றக் கூடாது என்பதற்கு அடையாளம்.

"சாயங்காலம்தான் அடிக்கணும், வெயில் பட்டா செத்துடும். வெல்லம் கொஞ்சம் கரைக்கணும், செடியில ஒட்டிக்கும். முன்னாடி தண்ணி பாய்ச்சி ஈரமா வச்சிக்கணும். எல்லாம் பாவாவுக்கு நூறு வாட்டி சொல்லிட்டேன்" என்றார். அடித்துப் பத்து நாளாகிறது. நடுவில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டதால் தேவகி கொல்லைப் பக்கம் போகவில்லை. அக்காவும் மகளின் பிரசவத்துக்கு ஆர்.கே.பேட்டை போய்விட்டு நேற்றுத்தான் திரும்பியிருந்தார்.

பத்தரைக்குக் கொல்லைக்குப் போனோம். ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் தேவகி என்னிடம் கைப்பையைத் திணித்துவிட்டு வரப்பில் ஓட ஆரம்பித்தார். கத்தரிச் செடிகளுக்கு நடுவில், முதுகில் டேங்கோடு முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தார். தெளிப்பான் குழாயின் முனையிலிருந்து புகைபோல நீர் பாய்ந்துகொண்டிருந்தது. தூரத்திலேயே எனக்கு அந்த நாற்றம் தெரிந்தது. பல வருஷப் பழக்கம்.

"பாவா, நிறுத்து. நிறுத்து பாவா."

அவர் நிறுத்தவில்லை. "வாம்மா. வந்து உன் வேலையப் பாரு" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. "வண்டு போறதுக்கு மருந்து குடுன்னா, செடிக்கு சாம்பல் நோய் குடுத்துக்கிற. இலையெல்லாம் வெள்ளையா பூசணம். போட்டோ புடிச்சி திருத்தணி கடையில காட்டுனேன். ஒடனே பூசணத்தக் கொல்ற மருந்து அடி, இல்லாட்டி கொல்லையே போயிடும்னான்."

தேவகி சேற்றில் இறங்கி அவருக்கும் செடிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். நீர் அவர் புடவையில் பட்டது. அதற்குமேல்தான் முனிரத்தினத்தின் கை விசையை விட்டது. பாதிக் கொல்லை முடிந்திருந்தது.

"எங்க பூசணம்? காட்டு."

அவர் ஒரு இலையைப் பறித்து நீட்டினார். சல்லடைபோல வண்டு சுரண்டிய பழைய இலை. அதன்மேல் வெள்ளை வெள்ளையாக, பஞ்சு உருண்டைகள். நானும் எட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் மருந்துக் கடைக்குத்தான் ஓடியிருப்பேன். தேவகி நகத்தால் ஒரு உருண்டையைக் கீறினார். பஞ்சு உரிந்ததும் உள்ளே செம்பழுப்பு முதுகும் கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தன. இன்னொன்றைக் கீறினார். அது அதே வண்டின் மஞ்சள் முள் வைத்த புழு, விறைத்துப்போய்க் குச்சியாக இருந்தது. அவை ஒட்டியிருந்த இடத்தில் இலையில் பூசணமே இல்லை, பச்சையாக இருந்தது.

"இது செடிக்கு வந்த நோய் இல்ல பாவா. வண்டுக்கு வந்தது. இது செத்த வண்டு. எல்லாமே செத்த வண்டு."

முனிரத்தினம் இலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அடுத்த செடியில், அதற்கடுத்த செடியில் தானே கீறிப் பார்த்தார். டேங்கைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"செத்தா கீழ வுழும்னுதானம்மா நெனச்சேன்" என்றார். "மருந்து அடிச்சா கீழ கொட்டிக் கெடக்கும். இது இலையிலயே ஒட்டிகினு வெள்ள சட்ட போட்டுகினு கீது. நீ சொன்னியா?"

தேவகி, "சொல்லல" என்றார். "தினமும் பாட்டில்ல பாத்துப் பாத்து எனக்கு அது பெருசாவே தெரில பாவா. எப்ப அடிக்கணும், எப்டி அடிக்கணும் எல்லாம் சொன்னேன். செத்தா எப்டி இருக்கும்னு மட்டும் சொல்லல." அழுகை வந்துவிடும் போலிருந்தது. அழவில்லை. புடவைத் தலைப்பைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, நனைந்த செடிகளையும் நனையாத செடிகளையும் பிரித்து நடுவில் ஒரு குச்சியை நட்டார். இந்தப் பக்கம் பிழைத்த பூசணம், அந்தப் பக்கம் மருந்தில் போனது.

"அந்தப் பாதியில இப்ப திருப்பி அடிச்சா வேலைக்கு ஆவாது. மருந்து வீரியம் அடங்கணும். அதுவரைக்கும் கையாலதான் பொறுக்கணும். நீதான பாவா அடிச்ச, நீயே பொறுக்கு."

இதற்குள் கஸ்தூரி அக்கா சாப்பாட்டுக் கூடையோடு வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டவர் யாரையும் திட்டவில்லை. சோப்புத்தண்ணீர் கரைத்த வாளி ஒன்றைக் கணவரின் கையில் கொடுத்தார், இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டார். மூன்றாவது வாளி என்னிடம் வந்தது. இந்தப் பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வந்தவன் என்று சொல்லிப் பார்த்தேன். "எழுதுங்க, பொறுக்கிட்டு எழுதுங்க" என்றார் அக்கா.

மாலை வரை பொறுக்கினோம். குனிந்து, இலையின் அடியைத் திருப்பி, வண்டை இரண்டு விரலால் எடுத்து வாளியில் போடுவது. என் இடுப்பு திராட்சைப் பந்தலுக்குப் பழகியது, தலைக்கு மேல் வேலை செய்யும் இடுப்பு. கத்தரி அதைப் பதம் பார்த்துவிட்டது. நடுவில் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். இலையில் உயிரோடு வண்டு ஊர்வதையும், பக்கத்திலேயே இன்னொன்று வெள்ளையாகச் செத்து ஒட்டியிருப்பதையும் முனிரத்தினமே அவர்களுக்குக் கீறிக் காட்டினார். தான் மருந்து அடித்த கதையை மட்டும் அவர் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

ஐந்தரைக்கு வெயில் தணிந்தது. தேவகி சிவப்பு ரிப்பன் டேங்கில் பாட்டில் அரிசியைக் கரைத்து வடிகட்டி ஊற்றினார். குச்சிக்கு இந்தப் பக்கம் மிச்சமிருந்த வண்டுகளுக்கு இன்னொரு சுற்று. டேங்கை முனிரத்தினம் முதுகில் மாட்டிக்கொண்டார். முகத்தில் துணி கட்டவில்லை, கட்டத் தேவையும் இல்லை என்றார் தேவகி, கட்டினால் நல்லதுதான் என்று உடனே சேர்த்துக்கொண்டார். அக்கா கட்டிவிட்டார். விஷம் அடிக்கிற நாளில் கஸ்தூரி அக்கா வரப்புப் பக்கமே வரமாட்டாராம், ஆட்டைக்கூடத் தூரத்தில் கட்டிவிடுவாராம். அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து, புருஷன் வரிசை வரிசையாகப் போய்வருவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். வெல்ல வாசனை வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த நேரம் மிகவும் பிடித்திருந்தது.

கிளம்பும்போது முனிரத்தினம் ஒரு தயிர் டப்பாவைக் கையில் கொடுத்தார். உள்ளே ஈரத் துணியில் சுற்றிய கத்தரி இலை, அதில் ஏழெட்டு வெள்ளை வண்டுகள்.

"உங்க ஊர்ல மொதல்ல இத்தக் காட்டுங்க. அப்புறமா பேசுங்க" என்றார்.

ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள், பேரம் பேசாமல் கொடுத்தேன். சென்னை ரயிலில் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளத்தாக்கில் சாயங்காலம் மருந்து அடித்துவிட்டுக் காலையில் எழுந்து கீழே எத்தனை விழுந்திருக்கிறது என்று பார்ப்போம். கீழே கொட்டிக் கிடந்தால்தான் நிம்மதி. அந்த நிம்மதிக்கு நானும் பழகியவன்தான். பத்து நாள் பொறுமையாகக் காத்திருக்க எங்கள் ஊருக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று வழி முழுக்க யோசித்தேன். வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. நான்தான் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது.

வீடு சேர்ந்த மறுநாள் மைத்துனன் வந்தான். மேஜையிலிருந்த டப்பாவைத் திறந்து முகத்தைச் சுளித்தான். "என்ன மாமா, பூசணம் புடிச்சுக் கெடக்கு, தூக்கிப் போடாம வச்சிருக்கீங்க?" என்றான். உட்காரச் சொன்னேன். நகத்தால் ஒன்றைக் கீறி அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். வெகுநேரம் பார்த்தான். "இது கீழ விழுகாதா?" என்று மட்டும் கேட்டான்.

மூன்று வாரம் கழித்து என் திராட்சைப் பந்தலில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. தேவகியின் எண், பேசியது முனிரத்தினம்.

"சார், நான் மருந்து அடிச்ச பாதி இருக்குதுல்ல, திரும்ப பூசணம் அடிச்சோம், அதுலயும் வண்டு மேல வெள்ளையா பூத்துடுச்சிங்க" என்றார். "விஷம் அடிச்ச பழைய டேங்க்க எங்க வூட்டுக்காரி பூச்செடி வைக்க வெட்டிட்டா."