தலைவர் போட்ட பூட்டு

எண்பதுகளின் கடைசியில் எங்கள் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பழவேற்காடு ஏரிக்கரையில் மூன்று குப்பங்களுக்கும் சேர்த்து ஒரே மீனவர் சங்கம். ஓட்டுக் கட்டடம், ஒரு ஃபேன், ஒரு பீரோ. ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் எங்களை முன்னேற்றியே தீருவது என்று முடிவுசெய்து பெட்டியை இறக்கிவிட்டுப் போனது. நாங்கள் கேட்டிருந்தது ஐஸ் மெஷின்.

அதை இயக்க ஆள் தேடியபோது நான்தான் அகப்பட்டேன். பள்ளிக்கூடம் முடித்து, மீஞ்சூரில் ரயில் ஏறி மெட்ராசுக்குப் போய் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா வேலைக்கு அனுப்பச் சம்மதித்தார், ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார்.

"மெஷின் இருக்கிற வரைக்கும் போ. மெஷின் பூட்ச்சின்னா சுண்ணாம்புக்குளம்."

சுண்ணாம்புக்குளம் என்றால் அந்த ஊரில் இருக்கும் என் அத்தை மகனைக் கட்டிக்கொள்வது. கடல் தொழில் செய்கிற குடும்பம், சொந்தப் படகு. அவனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நிறை சொல்லவும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சங்கத்து நாற்காலியும் ஃபேனும் திரையில் வரும் அந்தப் பச்சை எழுத்தும் எனக்குப் பிடித்திருந்தன. அவ்வளவு பிடித்த ஒன்று அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

வேலை என்னவென்றால், வலை கட்டும் முறைப் பட்டியலை அச்சடிப்பது. ஏரியில் வலை கட்டும் இடங்களைக் குலுக்கிப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு இந்த இடம் இந்தக் குப்பத்துக்கு, நாளைக்கு அடுத்த குப்பத்துக்கு. அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் பாட்டில் வலை வைத்தால் கொலைக்குத்தம். காலங்காலமாக வாயாலேயே நடந்துவந்த விஷயத்தை நான் அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். எல்லாரும் வந்து பார்த்து, தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் அதில் இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு போனார்கள்.

சனியன் வேறு பக்கமாக வந்தது. மெஷினை விற்ற கடைக்காரன், சுவிட்சைப் போட்டதும் தன் கடைப் பெயர் திரையில் ஓடுகிறமாதிரி செய்து வைத்திருந்தான். எங்கள் குப்பத்துப் பெரியவரும் சங்கத் தலைவருமான என் பெரியப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"எவனோ கடக்காரன் பேரு வருது. நம்ம அம்மன் பேரு வரக்கூடாதா?"

போட்டேன். சுற்றி நட்சத்திரம் வைத்து, இங்கிலீஷ் எழுத்தில் அம்மன் துணை. மறுநாள் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து மாதாவைப் போடச் சொன்னார்கள், கோயில் மணிச் சத்தத்தோடு. மெஷினுக்குத் தெரிந்ததெல்லாம் 'பீப்' மட்டும்தான். அதையே விட்டு விட்டு அடித்தேன். மூன்றாவது குப்பத்தில் இரண்டு கோயில், ஆகவே இரண்டு சாமி. இதற்கு நடுவில் செயலாளரின் மச்சான் மெட்ராசிலிருந்து ஃப்ளாப்பியில் ஒரு துள்ளுகிற பந்தும் ராசிபலனும் கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போனான். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய், டீ குடித்து, ஊர் வம்பு கேட்டு வந்தால் கடைசி சாமி அப்போதுதான் வந்துகொண்டிருக்கும்.

ஒன்றையும் எடுக்க முடியாது. எந்த வரியில் கை வைத்தாலும் ஒரு குப்பம் எழுந்து நிற்கும். அடுத்த சண்டை, யார் சாமி முதலில் வருவது என்று. கூட்டம் போட்டுப் பேசி, எங்களுக்குத் தெரிந்த ஒரே நியாயத்தில் தீர்த்தார்கள். சாமிகளுக்கும் பாடு போட்டார்கள். சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு அம்மன் முதல், நாளைக்கு மாதா முதல். தினம் வரிசையை மாற்றி எழுதுவது என் வேலையானது. படித்த படிப்புக்கு நல்ல வேலைதான்.

அப்புறம் ஒருநாள் நான் சாப்பிடப் போன நேரத்தில் எவனோ வரிசையைப் புரட்டிவிட்டான். அம்மனின் பாட்டில் வேறு சாமி வந்தது. அடுத்தவன் பாட்டில் வலை வைத்த மாதிரியே கலவரம். பெரியப்பா என்னிடம் வந்தார்.

"இதுக்குப் பூட்டு ஒண்ணும் கெடயாதா?"

"கீது பெரிப்பா. சுவிட்ச் போட்டதுமே ஒரு வார்த்த கேக்கும். அத அடிக்கலன்னா மெஷின் கண்ணே தொறக்காது. யாருக்கும் தெரியாததா, நீ மறக்கவே மறக்காததா ஒரு வார்த்த வை."

அவர் எட்டாவது வரை படித்தவர், இங்கிலீஷ் எழுத்து தெரியும். எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். என்னையும்தான். கதவைச் சாத்திக்கொண்டு வைத்தார். அதிலிருந்து தினமும் கடலுக்குப் போய்வந்த ஈரக்காலோடு வருவார், நான் வராந்தாவில் நிற்பேன், உள்ளே ஒற்றை விரலால் டொக், டொக் என்று அடிப்பார். அப்புறம் நான் உள்ளே போகலாம்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது படகைக் கரைக்கு ஏற்றுகையில் வழுக்கி விழுந்து பெரியப்பாவின் கால் முறிந்தது. பொன்னேரி ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். அதே வாரத்தில் தொண்டு நிறுவனத்திலிருந்து சேதி வந்தது. திங்கட்கிழமை ஓர் அம்மா வந்து பார்ப்பார்கள், மெஷின் சும்மா கிடந்தால் வேறு ஊருக்கு எடுத்துப்போய்விடுவார்கள்.  நைனா சுண்ணாம்புக்குளத்து அத்தைக்குச் சொல்லியனுப்பினார்.

பஸ் பிடித்துப் பொன்னேரிக்குப் போனேன்.

"பெரிப்பா, அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடு."

"அத மட்டும் கேக்காத."

"மெஷின் போயிடும் பெரிப்பா."

"போவட்டும்."

"மெஷின் போனா எனக்குக் கல்யாணம்."

"நல்ல விஷயம்தான?"

எனக்கு வந்த கோபத்தில் இன்னொரு காலையும் உடைத்திருப்பேன். "அப்டி இன்னாதான் வார்த்த வச்சிக்கிற?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சைகை காட்டிக் குனியச் சொல்லி, காதோடு சொன்னார்.

"என் பாறையோட பேரு."

இது வெளியாருக்குப் புரியாது. ஏரிக்குத்தான் பாடு, கடலுக்குப் பாடு கிடையாது. கடலுக்கு அடியில் பாறை கிடக்கிற இடத்தில் மீன் மொய்க்கும். கரையில் தெரிகிற கலங்கரை விளக்கத்துக்கு எந்தப் பனைமரம் நேராக வரவேண்டும் என்று கணக்கு வைத்து அந்த இடத்தைப் பிடிப்பார்கள். கண்டுபிடித்தவன் அந்த மரத்தையோ மேட்டையோ வைத்து ஒரு பேர் வைப்பான். பேர் வெளியே வந்தால் பாதி இடம் வெளியே வந்தமாதிரி. பெண்டாட்டிக்குச் சொல்லமாட்டான். சாகும்போது மகனுக்குச் சொன்னாலும் சொல்லுவான்.

"வேற வார்த்தையே கெடைக்கலயா உனக்கு?"

"மறக்காதது வைன்னு நீதான சொன்ன? நான் மறக்காத பேரு அது ஒண்ணுதான்."

"பேர மட்டும் சொல்லு, இடம் வேணாம்."

"எம் புள்ளைக்கே சொல்லல. உனக்கு சொல்லிட்டு நான் இன்னா பண்றது?" என்று போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தானும் படுக்கமாட்டான், தள்ளியும் படுக்கமாட்டான் என்பது இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கவேண்டும்.

திரும்பும் வழியில் திருப்பாலைவனத்தில் இறங்கி, தபாலாபீசிலிருந்து மெட்ராசுக்கு, எனக்குப் பாடம் எடுத்த மாஸ்டருக்குப் போன் போட்டேன். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னேன். அவர் ஐந்தாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறமாதிரி சொன்னார்: அந்த வார்த்தை ஒரு சின்ன பேட்டரியின் உயிரில்தான் இருக்கிறது. பெட்டியைத் திறந்து பேட்டரியைக் கழற்றி ஒரு பகல் வெளியே வை, எல்லாம் மறந்துபோகும்.

படகு இஞ்சின் மெக்கானிக்கிடம் ஸ்க்ரூ டிரைவர் கடன் வாங்கினேன். துடுப்பு நீளம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமியைக் கும்பிட்டு, அன்றைக்கு எந்தச் சாமியின் பாடு என்று கூடப் பார்க்காமல், பெட்டியைத் திறந்தேன். பேட்டரியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மறுபடி மாட்டி சுவிட்சைப் போட்டதும் மெஷின் வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பதில் தன் வயிற்றில் என்ன டிஸ்க் இருக்கிறது என்று என்னைக் கேட்டது. தேதி எண்பதாம் வருஷம் ஜனவரி ஒண்ணு என்று சாதித்தது. டிஸ்க்கின் எண்ணைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த காகிதத்தில் பார்த்துக் கொடுத்தேன். திறந்துகொண்டது. வாய்விட்டு அழுதேன், யாரும் இல்லை.

கையோடு கையாக இன்னொன்றும் செய்தேன். கடைக்காரன், சாமிகள், பந்து, ராசிபலன், ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் மூன்றே எழுத்து போட்டேன். அப்படிப் போட்டால் வரி அப்படியே இருக்கும், வேலை செய்யாது. திங்கட்கிழமை அந்த அம்மா வந்தார்கள். சுவிட்சைப் போட்டதும் மெஷின் நேராக வேலைக்கு வந்தது. பாட்டு முறையை அச்சடித்துக் கொடுத்தேன். எதுவும் புரியாமல் மிகவும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மெஷின் தங்கியது. மூன்று குப்பத்துக்காரர்களும் வந்து சாமி எங்கே என்றார்கள். யார் சாமியும் வராது என்றேன். மூன்று பேருக்கும் இல்லை என்றதும் மூன்று பேருக்கும் திருப்தி.

பெரியப்பா கோல் ஊன்றிக்கொண்டு திரும்பிவந்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"என் வார்த்த இன்னா ஆச்சி?"

"அழிஞ்சி பூட்ச்சி பெரிப்பா. பேட்டரியக் கழட்டுனா போயிடும். யாரும் பாக்கவே முடியாது."

"நீ பாக்கல?"

"அம்மன் சத்தியமா பாக்கல."

சிரித்தார். "தேன் எடுத்தவன் பொறங்கைய நக்காம வுடுவானா?" என்றார். நான் மறுக்க மறுக்க அவர் முகத்தில் மரியாதை ஏறிக்கொண்டே போனது. கெட்டிக்காரி, வாய் திறக்கமாட்டாள் என்று நினைத்துவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"சுண்ணாம்புக்குளத்து மாப்ள வூட்ல கடல் தொழிலா?"

"ஆமா."

அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்குப் போய், நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு அப்போது தெரியாது.

அன்றைக்குச் சோறு போடும்போது நைனா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எங்கிட்ட மட்டும் சொல்லு. அந்தப் பாறை எங்க கீது?"

"எனக்குத் தெரியாது நைனா. சத்தியமா தெரியாது."

நைனா தலையாட்டினார். என் வாழ்நாளில் அவர் என்னைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்டு நான் கண்டதில்லை.

"அதான் சரி. யார் கேட்டாலும் இப்டியே சொல்லு," என்று சோற்றைப் பிசைந்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, சுண்ணாம்புக்குளத்துக்கு ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னார். ஊர்ச் சொத்தை வெளியூருக்குக் கட்டிக்கொடுப்பதில்லையாம்.