பத்துபஸ்திக்கு வழி

வழி கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிற ஆண்களில் என் தாய்மாமாவுக்குத்தான் முதல் இடம். சென்னையிலிருந்து கப்பலில் வந்து போர்ட் பிளேரில் இறங்கியவர், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் டவுன் பஸ்ஸில் ஏறினார். எங்கள் வீடு பத்துபஸ்தியில் இருக்கிறது என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். மாமா அதைத் தூத்துக்குடிக் காதால் கேட்டுக்கொண்டார். பஸ்தி என்றால் இந்த ஊர்க்காரர்கள் பஸ் நிற்கிற இடத்தைச் சொல்கிறார்கள், ஆகவே பத்து பஸ்தி என்றால் பத்தாவது நிறுத்தம் என்று கணக்குப் போட்டுவிட்டார். பஸ்தி என்றால் ஹிந்தியில் குடியிருப்பு என்பது அவருக்குத் தெரியாது. விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து, பத்து முடிந்ததும் பெட்டியோடு இறங்கிவிட்டார். அது டாலிகஞ்ச். எங்கள் இடத்தைத் தாண்டி வெகுதூரம்.

அங்கேயும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு விமானம் தாழ்வாக இறங்குவதைப் பார்த்திருக்கிறார். 'ஏர்போர்ட் பக்கத்துல' என்று அம்மா சொன்னது ஞாபகம் வர, அது போன திசையிலேயே வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார். அவருக்கு வழி சொன்ன பெருமை கடைசியில் அந்த விமானத்துக்குத்தான். பெட்டியில் எனக்காகக் கொண்டுவந்த மக்ரூன் முக்கால்வாசி பொடியாகிவிட்டிருந்தது. நான் அதைக் கரண்டியால் அள்ளித் தின்றேன். எனக்கு அப்போது எட்டு வயது. மாமா என்ற ஒருவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

வருகிறேன் என்று போன் போடும்வரை பத்து வருடமாக அவர் அம்மாவோடு பேசவில்லை. வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போட் இன்ஜின் மெக்கானிக்கான அப்பாவைக் கட்டிக்கொண்டு தீவுக்கு வந்துவிட்டவள் அம்மா. பத்து வருடம் கழித்துத் தேடி வந்த அண்ணன் கண்ணில் பட்டதெல்லாம் தகரக் கூரை, வாசலில் வரிசையாகத் தண்ணீர்க் குடங்கள், ஒரு தையல் மெஷின். அப்பா வேறு வீட்டில் இல்லை. ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் ஜெனரேட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார்.

சாப்பிட்டுக் கைகழுவியதும் மாமா விஷயத்தைப் போட்டு உடைத்தார். "உன்னையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். இறங்கின உடனேயே மூணு பேருக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. புதன்கிழமை கப்பல். நீ பட்டது போதும்."

ஹிந்தி தெரியாத மனிதர் கவுண்டரில் மூன்று விரலைக் காட்டி, அடையாள அட்டை நகல்களை நீட்டி டிக்கெட் வாங்கியிருக்கிறார். போனில் எங்கள் அட்டைகளை அனுப்பச் சொன்னது எதற்கென்று அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். அவள் மெஷினை வழக்கத்தைவிட வேகமாக மிதித்தாள். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பாள், அழுதிருந்தால் மாமா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டிருப்பார். இது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அன்றைக்கு எனக்குக் கேட்டதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கத்து மெயின்லாண்ட் என்ற ஒன்றுதான். மெயின்லாண்டில் ரயில் இருந்தது. தீவில் பிறந்த எனக்கு ரயில் புத்தகத்தில் வருகிற படம். அப்பாவை விட்டுப் பிரிவது பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் அம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைகளைத் தைத்து முடிக்க வேண்டியிருந்தது. "மாமாவ பஜாருக்குக் கூட்டிட்டுப் போயி ஊரக் காட்டுடி" என்று என்னை அனுப்பினாள். நான் ஊர் காட்டத் தயாரானபோது மாமா சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். தூத்துக்குடியில் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தது. வழிகாட்டி இல்லாமல் தானாகவே நடந்து பார்க்க ஏழு இடங்கள், நம்பர் போட்டு, அம்புக்குறி போட்டு இருந்தன. "யார்ட்டயும் ஒண்ணும் கேக்க வேண்டாம், பாத்தியா" என்றார் பெருமையாக.

முதல் நம்பர் பஜார் மணிக்கூண்டு. மாமா தாளைப் படித்து, மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்து, மறுபடி தாளைப் பார்த்தார். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. "இங்கதான் அம்மா நூல் வாங்குவா" என்று எதிரே இருந்த கடையைக் காட்டினேன். கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"வா தாயி. இவுக யாரு, மெயின்லாண்ட்லேருந்தா? மாமாவா? அட, வாங்க வாங்க. உங்க தங்கச்சி கையால தச்ச யூனிபார்ம் ரெண்டு ஸ்கூலுக்குப் போகுது, தெரியுமா? ஒரு தையல் பிரியாது, பக்கா வேலை. பக்கத்துக் கடை காலியாகுது, எடுத்து நடத்தும்மான்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். எங்க வீட்டுக்காரர் வரட்டும் பாய், ரெண்டு பேருமாப் பேசிச் சொல்றோம்னு தங்கச்சி சொல்லியிருக்கு."

பாய் வாங்கிக் கொடுத்த டீயை மாமா குடித்தார். தங்கச்சி 'பட்டதாக' அவர் நினைத்துக்கொண்டிருந்த கணக்கில் இது வரவில்லை போலும்.

இரண்டாவது நம்பர், பழைய ஜெயில். மேட்டில் ஏறும்போது மாமா என்னை விசாரிக்க ஆரம்பித்தார். ஊர் பார்க்க வந்தவர் ஊரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்ப்பது எனக்கு விநோதமாக இருந்தது.

"ஏட்டி, உங்கப்பன் அம்மாவ அடிப்பானா?"

"அப்பாவா? அம்மாதான் ஒரு தடவ ஸ்கேலால அப்பாவ அடிச்சா."

"எதுக்கு?"

"மெஷினோட பாபினக் கழட்டி போட் இன்ஜின்ல வச்சுப் பாத்தாரு."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். நான் விடவில்லை. அந்த மெஷினே இந்த மேட்டில் இருந்த ஒரு வீட்டில் பழசாக வாங்கியதுதான் என்றும், ஆட்டோ கிடைக்காமல் அம்மா தலைப்பாகத்தையும் அப்பா இரும்பு ஸ்டாண்டையும் சுமந்துகொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை இறங்கினார்கள் என்றும், அம்மா ஏதோ சொல்ல அப்பா சிரித்துச் சிரித்து இரண்டு முறை ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டார் என்றும் சொன்னேன். பின்னால் பாபின் டப்பாவைத் தூக்கி வந்த வேலையாள் நான்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். மாமா ஜெயில் வாசலில் நின்று தாளைப் பிரித்தார். அதில் எழுதியிருந்ததைப் படித்தாரா என்பது சந்தேகம்.

மூன்றாவது, கடற்கரைப் பூங்காவின் தடுப்புச் சுவர். எதிரே ராஸ் தீவு பச்சையாக நிற்கும். அங்கே இளநீர் விற்கிற வங்காளி மாசி, அதாவது சித்தி, எனக்குப் பழக்கம். தீவுக்கு வந்த புதிதில் அம்மாவும் அப்பாவும் பஜாருக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். அந்த நாளிலிருந்தே மாசிக்கு அம்மாவைத் தெரியும். மாமா யார் என்று கேட்டாள். சொன்னேன். இளநீரைச் சீவியபடியே ஹிந்தியில் நீளமாக ஏதோ சொன்னாள். மாமா என்னைப் பார்த்தார்.

"என்னட்டி சொல்லுதா?"

எனக்கு இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடு. ஒன்றுவிடாமல் சொன்னேன். "அம்மா புதுசா வந்தப்ப சாயங்காலமானா இங்க வந்து நிப்பாளாம். மெயின்லாண்ட் கப்பல் போறதப் பாத்து அழுவாளாம். எங்கண்ணன் வருவான், எங்கண்ணன் வருவான்னு சொல்லுவாளாம். அப்புறம் வர்றதில்லையாம். ஏன் வர்றதில்லன்னு மாசி கேட்டாளாம். வீட்டுல வேலை கெடக்கு மாசி, அழ நேரமில்லன்னு அம்மா சொன்னாளாம்."

சொல்லி முடித்துவிட்டு நான் இளநீரில் மும்முரமானேன். நிமிர்ந்தபோது மாமா முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பாவம், மெயின்லாண்ட்காரருக்கு இந்த வெயில் தாங்கவில்லை என்று நினைத்தேன்.

இன்னும் நான்கு இடங்கள் பாக்கி இருந்தன. மாமா தாளை நான்காக மடித்துப் பைக்குள் போட்டுவிட்டார். அப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது.

"மருமவளே, இங்கேருந்து கப்பல் டிக்கெட் குடுக்கிற எடத்துக்கு வழி தெரியுமாட்டி ஒனக்கு?"

மாமா வழி கேட்டார்! ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் போவேன். அப்பாவை ஹேவ்லாக்குக்கு வழியனுப்புவது அங்கேதானே. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வரிசையில் நின்று கவுண்டருக்கு வந்தோம். அதன் பலகை என் தலைக்கு மேலே இருந்தது. மாமா இரண்டு காகிதங்களை உள்ளே நீட்டி, "ரெண்டு டிக்கெட் வேண்டாம்னு சொல்லு" என்றார்.

"தோ டிக்கெட் நஹி சாஹியே, அங்கிள்" என்றேன் எம்பிக் குதித்து.

உள்ளே இருந்தவர் "க்யோன்?" என்றார். ஏன் வேண்டாமாம் என்று கேட்கிறார் என மாமாவிடம் சொன்னேன். மாமா பதில் சொல்லாமல் நின்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். இந்த மாமாவால் ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாருடைய டிக்கெட் என்று யோசிக்காமலே நானாகவே சத்தமாகச் சொன்னேன்: "வோ தோனோ இதர் ஹி ரஹேகா."

முத்திரை குத்துகிற சத்தம் கேட்டது.

"என்னட்டி சொன்ன?"

"அவங்க ரெண்டு பேரும் இங்கேயே இருப்பாங்கன்னு சொன்னேன் மாமா. சரியா?"

மாமா என் தலையில் கை வைத்தார். வைத்த கையை எடுக்க ரொம்ப நேரமானது. "சரிதாம்ட்டி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம், "மாப்பிள்ளை எப்ப வாராரு?" என்று கேட்டார். காலை வரை 'அவன், இவன்' என்று பேசிக்கொண்டிருந்தவர். மெஷின் சட்டென்று நின்றது. அம்மா துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை என்று சொன்னதற்கு யாராவது அழுவார்களா? எனக்கு விளங்கவில்லை. அப்பா செவ்வாய்க்கிழமை வந்தார். மாமாவும் அவரும் ஒரே தட்டில் பொரித்த மீனுக்குப் போட்டி போட்டார்கள்.

புதன்கிழமை நான் பள்ளிப் பையில் இரண்டு கவுன்களும் மீதி மக்ரூன் பொடியும் எடுத்து வைத்துத் தயாராக இருந்தேன். மாமா தனியாகக் கப்பலேறினார். நான் ஹட்டோ துறைமுகமே அதிர அழுதேன். பேச்சு மாறிய மாமா என்று அடுத்த விடுமுறை வரை அவரோடு போனில் பேச மறுத்தேன். அந்த விடுமுறைக்கு நாங்கள் மூன்று பேருமாகப் போனோம். சென்னைத் துறைமுகத்தில் காத்திருந்து எங்களை ரயிலில் ஏற்றிக் கூட்டிப்போனவர் மாமாதான். ஜன்னலோர சீட் எனக்கு, எதிர் ஜன்னல் அப்பாவுக்கு. அப்பாவும் என்னைப் போலவே வாயைப் பிளந்துகொண்டு வந்தார்.

இதெல்லாம் நான் மறந்தே போயிருந்தேன். போன மாதம் அதே ஜெட்டியில் ஹேவ்லாக் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் ஒருவர் "தோ டிக்கெட் கேன்சல்" என்றார். ஏதோ ஒரு சிறுமி எம்பிக் குதிப்பது போல் இருந்தது. வரிசையை விட்டு வெளியே வந்து தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் கேள்வியாகக் கேட்டேன்.

"மாமா, அன்னிக்கு கேன்சல் பண்ணினது எங்க டிக்கெட்டா?"

மறுமுனையில் மாமா கொஞ்ச நேரம் சிரித்தார்.

"டிக்கெட்டு நான் எடுத்ததுதான். ஆனா கவுண்டர்ல எனக்குப் பதில் வரலியேட்டி. இங்கேயே இருப்பாங்கன்னு நீதான சொன்ன?"