ஓயாமல் கல் உடைத்த கை

தியாகராய நகரில் ஒரு மேட்சிங் சென்டரில் பதினாறு வருடமாக நிற்கிறேன். புடவையை விரித்துக் காட்டினால் போதும், அதற்கான ரவிக்கைத் துணியைத் தேடாமல் எடுத்துக் கொடுப்பேன். மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் நடுவில் எத்தனை மஞ்சள் இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் விளையாட்டில் பாட் பிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது, ஒளிப்பானேன்.

போனில் ஆடுகிற விளையாட்டு அது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஒரே ஊருக்குள் சுற்றுவார்கள். மலையில் கல் உடைத்தால் வெள்ளி கிடைக்கும், வெள்ளியை விற்றால் தங்கக் காசு. அதைச் சேர்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு நிஜப் பணம் வாங்கிக்கொண்டு தங்கம் விற்கவென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்து ஆடுவதில்லை. பாட் என்று சொல்லும், தானாக ஆடுகிற பொம்மை ஆட்களை மலைக்கு அனுப்பிவிடுவார்கள். அவை ஓய்வே இல்லாமல் குடைந்துகொண்டிருக்கும். மனுஷர் போய் நின்றால் ஒரு கல் மிஞ்சாது. வேலை விட்டு மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்தால் இருபக்கமும் நகைக்கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். ரயிலேறிப் போனைத் திறந்தால் அங்கேயும் தங்கம் விற்கிறவன் கூவுவான்.

எங்கள் கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், முப்பது பேர். எல்லாரும் தமிழ் ஆட்கள். தலைவர் ராயப்பேட்டையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிற ஒரு பாய். மலையில் சந்தேகமான ஆள் யாராவது கல் உடைத்தால் பக்கத்தில் போய் 'சாப்டாச்சா' என்று எழுதிப் பார்க்க வேண்டும், அது எங்கள் வழக்கம். மனுஷனாக இருந்தால் ஆச்சு என்றோ இல்லை என்றோ ஏதாவது சொல்வான். நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் போகமாட்டார்கள். பாட் ஒன்றும் பேசாது. ஒருமுறை ஒன்று பேசியது, தங்கத்தின் விலைப் பட்டியலை அனுப்பியது. பதில் வராவிட்டால் நான் கம்பெனிக்குப் புகார் எழுதுவேன். நான் எழுதினால் அந்த ஆள் ஒரு வாரத்துக்குள் காணாமல் போவான் என்று கில்டில் எனக்குப் பெயர்.

எங்கள் கடையில் புடவை ஓரத்துக்குத் தைக்கிற ஃபால்ஸ் பகுதியில் நிற்கிறவளை இந்த விளையாட்டுக்குள் கூட்டிவந்தது நான்தான். என்னைவிட எட்டு வயது சின்னவள். மந்தைவெளியில் வீடு. மதிய இடைவேளையில் குடோனில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து சம்மட்டி பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். ஆறே மாதம். கில்டின் பொதுக் கிடங்குக்கு வெள்ளி கொடுத்தவர்கள் வரிசையில் அவள் பெயர் முதலில் நின்றது, என் பெயர் இரண்டாவது.

சீசன் முடியும்போது யார் முதலில் இருக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு வெள்ளைக் குதிரை. ஒரு கில்டுக்கு ஒன்றுதான். நான் நாலு வருடமாக அதற்காகத்தான் ரயிலில் நின்றுகொண்டே கல் உடைத்தேன். இரண்டாவது, மூன்றாவது, மறுபடி இரண்டாவது. இந்த முறை எனக்குத்தான் என்று பாயே சொல்லியிருந்தார். அப்புறம் இவள் வந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. அவள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் அந்தப் புளிசாதத்தைப் பார்த்துக்கூட எரிந்தது. "யக்கா, ஒரு வாய் துன்னு பாரேன்" என்று அவள் நீட்டுவாள். நான் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, எப்படி இவ்வளவு வெள்ளி சேர்த்தாய் என்று கேட்பேன். "தெர்லக்கா, அப்டியே சேருது" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு ஆதம்பாக்கத்து வீட்டில் ரசத்துக்குப் புளி கரைத்து வைத்துவிட்டு விளையாட்டைத் திறந்தேன். மலையில் அவள் ஆள் கல் உடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் கடையில் பத்து மணிக்கே போனை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், மதியம்தான் தருவார்கள். அவள் கடையில் ஃபால்ஸ் கிழித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம். அப்படியானால் இங்கே சம்மட்டி வீசுவது யார்? பக்கத்தில் போய் 'சாப்டாச்சா' என்று எழுதினேன். பதில் இல்லை. கல் உடைந்தது, அடுத்த கல், அதற்கடுத்த கல்.

பாட் வைத்திருக்கிறாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் என்னை மதிக்கமாட்டீர்கள். அன்றைக்கு ரசம் அவ்வளவு நன்றாக வந்தது.

உடனே புகார் எழுதவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த செவ்வாய், மயிலாப்பூர் கோயிலுக்கு வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு பத்தரை மணிக்கு மந்தைவெளியில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மகளின் சடங்குக்கு ஒருமுறை போயிருக்கிறேன், அதனால் வழி தெரியும். கதவு திறந்தே இருந்தது.

அவள் மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளி, சார்ஜர் வயர் சுவரிலிருந்து தொங்க, ஒரு பழைய போனைப் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். எங்கள் மலை. அவள் ஆள்.

"வாம்மா, குந்து. மேட்சிங் சென்டர்காரிதான நீ?" என்றார், கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் இரு, இந்தக் கல்ல முட்ச்சிக்கறேன்."

"நீங்களா மாமா ஆடறீங்க?"

"காலில நானு. மத்தியானம் சவாரி இல்லன்னா எம்மவன் ஆட்டோவ நிறுத்திட்டு வந்து ஆடுவான். சாயந்தரம் காலேஜ் வுட்டு வந்து பேத்தி. மருமவ காலைலேர்ந்து கால் கடுக்க நின்னுக்கினு கீறா. நாம உக்காந்து ரெண்டு கல்லு ஒடச்சா இன்னா, கொறஞ்சா பூடுவோம்?" அப்புறம் தலையை நிமிர்த்தினார். "போன வாரம் எவனோ வந்து சாப்டாச்சான்னு கேட்டாம்மா. நான் கைல இருந்த கல்லுங்கள முட்ச்சிட்டு, எழ்த்து தேடி ஆச்சுன்னு அடிக்கறதுக்குள்ள போய்ட்டான். பாவம், இன்னா நென்ச்சிக்கினானோ."

அவர் மகன் உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து வைத்தார். "குதிர வந்துச்சின்னா அவளுக்கு சர்ப்ரைஸு. மொத சவாரி யாருன்னுதான் எங்களுக்குள்ள சண்ட" என்றார்.

டீ சூடாக இருந்தது. நான் குடித்தேன். குதிரைக்காக மட்டும் எரிந்த வயிறு அது, அதுவரைக்கும். என் வீட்டில் நான் போனை எடுத்தால் வீட்டுக்காரர், "வயசுக்கேத்த வேலயப் பாரு" என்பார். மகனுக்கு அதுகூடச் சொல்லத் தோன்றாது. நாலு வருடத்தில் நான் என்ன ஆடுகிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. இங்கே ஒரு கிழவர் எழுத்தைத் தேடித்தேடி மருமகளுக்காகக் கல் உடைக்கிறார். பாட் வைத்திருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

மந்தைவெளி ஸ்டேஷனில் வேளச்சேரி ரயில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. புகார்ப் படிவத்தைத் திறந்தேன். தானியங்கி ஆட்டம், தங்க விற்பனை, ஒருவர் கணக்கைப் பலர் ஆடுவது என்று மூன்று காரணங்கள் இருந்தன. மூன்றாவதும் விதிப்படி குற்றம்தான். அதில் டிக் போட்டேன். நேரம் வாரியாக எழுதினேன், காலையில் இவர், மதியம் இவர், மாலையில் இவர் என்று. ஒரு வார்த்தை பொய் இல்லை. இத்தனை வருடத்தில் நான் எழுதியவற்றிலேயே சுத்தமான புகார் அதுதான். திருவான்மியூர் தாண்டுவதற்குள் அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை அவள் கண் வீங்கிக் கடைக்கு வந்தாள். கணக்கைப் பூட்டிவிட்டார்களாம், வீட்டில் எல்லாரும் ஆடியதையும் முந்தின நாள்தான் அவளிடம் சொன்னார்களாம். மதியம் பாய் கில்டுக்கு ஒரு குரல் பதிவு போட்டார். "இது தங்கம் விக்கறவனுங்க வேல. நம்ம அக்கா அவனுங்க பாட்டையெல்லாம் காலி பண்ணாங்க இல்ல, அந்தக் காண்டு. கூட்டமா சேந்து பொய்ப் புகார் குட்த்துருக்கானுங்க. அக்காவே அப்பீல் எழுதட்டும், அவங்க எழுதுனா கம்பெனி கேக்கும்." முப்பது பேரும் அதை ஆமோதித்தார்கள். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டேன்.

குடோனில் அதே துணி மூட்டைமேல் உட்கார்ந்து எழுதினேன். அவள் என் தோளோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். பாதியில் ஒரு கேள்வி வந்தது. இந்தக் கணக்கை உங்களைத் தவிர வேறு யாராவது ஆடியதுண்டா?

"இல்லைன்னு போட்ரலாம்" என்றேன். அவசரமாகச் சொன்னேன். பொய்யாவது எழுதி அதை மீட்டுக் கொடுத்துவிட்டால் போதும் என்று அந்த நிமிஷம் உண்மையாகவே இருந்தது எனக்கு.

அவள் யோசித்தாள். பிறகு தன் போனை எடுத்து மாமனாரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, விஷயத்தைச் சொன்னாள்.

"நாம ஆடுனோமா இல்லியா?" என்று கேட்டார் அவர்.

"ஆடுனோம்."

"அப்ப ஆடுனோம்னு எழ்தச் சொல்லு. பொய் சொல்லி வாங்கற குதிர மேல நான் ஏற மாட்டேன். போனா போவுது, அந்தப் பொண்ணு இவ்ளோ மெனக்கெடுதே, அதுக்கு ஒரு டீ வாங்கிக் குடு."

ஆமாம், குடும்பமாக ஆடினோம் என்று என் கையாலேயே எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அவள் டீ வாங்கிக் கொடுத்தாள், அதையும் குடித்தேன்.

சீசன் முடிந்தது. குதிரை எனக்கு வந்தது. நிஜமாகவே அழகான குதிரை, நடந்தால் பிடரி அசைகிறது. வீட்டுக்காரரிடம் போனை நீட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கேஸ் புக் பண்ணிட்டியா?" என்றார். கில்டில் எல்லாருக்கும் முன்னால் வாழ்த்து அனுப்பியது மந்தைவெளி வீடுதான். மாமனாரின் குரல் கரகரவென்று இருந்தது. "யார் ஓட்னா இன்னாம்மா, நம்ம கடைக்கு வந்துச்சே."

மறுநாள் ஃபால்ஸ் பகுதிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் கத்திரியை வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, புதுசா ஒண்ணு ஆரம்ச்சிட்டோம், மாமா பேர்ல. ஒரே ஆளுதான் ஆடணுமாமே, அதனால அவுரு மட்டும்தான் தொடுவாரு. நாங்க மூணு பேரும் சுத்தி உக்காந்துக்கினு பாக்கறோம். நேத்து ஒரு கல்லு ஒடச்சாரு, அதுக்கே வூட்ல கை தட்டு."

நல்லது என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. குதிரை வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, எனக்கு மறுபடி வயிறு எரியத் தொடங்கிவிட்டது.